டாரின் குறைபாடும் வீட்டுப் பூனைகளின் உணவு வரலாறும்

டாரின் என்பது அமினோ அமில வகையைச் சேர்ந்த ஒரு சேர்மம். இறைச்சி, மீன் ஆகியவற்றில் இது உண்டு. தாவர உணவில் ஏறக்குறைய இல்லை எனலாம். 1827இல் ஜெர்மானிய அறிவியலாளர்களான டீடமனும் கிமெலினும் காளையின் பித்தநீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். இலத்தீனில் காளைக்கு உரிய சொல்லே இதற்குப் பெயராயிற்று. நாயின் உடல் தனக்கு வேண்டிய டாரினைப் பெரும்பாலும் தானே உண்டாக்கிக்கொள்ளும். பூனையின் உடலால் மிகக் குறைந்த அளவே உண்டாக்க முடியும். இந்த வேறுபாடு முழுமையாகப் புரிய ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் எண்ணற்ற வளர்ப்புப் பூனைகள் கண்ணையோ உயிரையோ இழந்தன.

தொடக்க காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் பூனைகளுக்கென்றே வேகவைத்த குதிரை இறைச்சியைத் தெருத் தெருவாக விற்ற வணிகர்கள் இருந்தனர். ஹென்றி மேஹ்யூ தம் நூலில் அவர்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். எலியும் இந்த இறைச்சியும் கிடைத்தவரை பூனையின் உணவு பெரிய சிக்கலாக இல்லை. இருபதாம் நூற்றாண்டில் டப்பா உணவும் உலர் உணவும் பரவிய பின்னரே புதிய நோய்கள் தெரியவந்தன.

கலிபோர்னியாவைச் சேர்ந்த மருத்துவர் பிரான்சிஸ் பாட்டெஞ்சர் 1932 முதல் 1942 வரை பூனைகளைப் பல தலைமுறைகளாக வளர்த்துப் பார்த்தார். பச்சை இறைச்சி தின்றவை நலமாக இருந்தன. சமைத்த இறைச்சி தின்றவற்றில் கருச்சிதைவும் எலும்புக் கோளாறுகளும் பெருகின. டாரினின் தேவை அன்று யாருக்கும் தெரியாது. இனப்பெருக்கக் கோளாறுகளுக்கு டாரின் குறைபாடு காரணமாக இருந்திருக்கலாம். எலும்புக் கோளாறுகளுக்கு அது மட்டும் விடையாகாது. பச்சை உணவே சிறந்தது என்று வாதிடுவோர் இந்த ஆய்வை இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர். ஆனால் அது இந்தக் கேள்விக்கு விடை காண வடிவமைக்கப்பட்ட ஆய்வு அன்று.

கண்ணும் இதயமும்

1960களில் பிரிட்டனில் பாட்ரிசியா ஸ்காட் குழுவினர் செயற்கையாகக் கூட்டிய உணவைத் தின்ற பூனைகளின் பார்வை கெடுவதைப் பதிவு செய்தனர். காரணம் 1975இல் தெளிவாயிற்று. கேசீன் என்னும் பால் புரதத்தை மட்டுமே புரதமாகப் பெற்ற பூனைகளின் விழித்திரை சிதைவதையும், அவற்றின் உடலில் டாரின் வற்றியிருப்பதையும் கே. சி. ஹேயஸ் குழுவினர் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். இதையடுத்து அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் பூனை உணவில் இருக்க வேண்டிய டாரின் அளவைப் பரிந்துரைத்தது. சிக்கல் தீர்ந்துவிட்டதாகவே பலரும் எண்ணினர்.

ஆனால் பூனைகள் வேறொரு நோயால் இறந்துகொண்டிருந்தன. இதயத் தசை மெலிந்து, அறைகள் விரிந்து, சுருங்கும் வலிமை குன்றும் நோய் அது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான வளர்ப்புப் பூனைகள் அதற்குப் பலியாயின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியோன், மார்க் கிட்டில்சன், குவின்டன் ராஜர்ஸ், ஜேம்ஸ் மாரிஸ் ஆகியோர் இந்நோய் கண்ட 21 பூனைகளின் இரத்தத்தைச் சோதித்தனர். அவற்றில் டாரின் குறைந்திருந்தது. வாய்வழியே டாரின் கொடுத்தபோது இதயத்தின் இயக்கம் சீரடைந்தது. 1987இல் வெளியான இந்த முடிவில் கவலை தரும் செய்தி ஒன்றும் இருந்தது. இந்தப் பூனைகள் தின்றவை கடையில் விற்ற உணவுகள். பரிந்துரைத்த அளவு டாரின் அவற்றுட் சிலவற்றில் இருந்தது.

குடலில் நிகழ்ந்த இழப்பு

உணவில் இருந்த டாரின் எங்கே போயிற்று? விடை செரிமான மண்டலத்தில் இருந்தது. பூனையின் கல்லீரல் பித்த அமிலங்களை டாரினோடு மட்டுமே இணைக்கும். மனிதரின் கல்லீரலைப் போல் கிளைசினை மாற்றாகப் பயன்படுத்தாது. பித்தநீரோடு குடலுக்கு வரும் டாரினில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட வேண்டும். குடல் நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்துவிட்டால் இழப்புதான்.

1990இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே உணவின் ஒரு பகுதியை உறைய வைத்தும் மறு பகுதியை டப்பா உணவு போலச் சூடாக்கியும் பூனைகளுக்குக் கொடுத்தனர். உணவிலிருந்த டாரினில் கதிரியக்கக் கரியணு அடையாளமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. சூடாக்கிய உணவைத் தின்ற பூனைகளின் மூச்சுக் காற்றில் அடையாளக் கரியணு மிகுதியாக வெளிவந்தது. பூனையின் திசுக்களால் டாரினைச் சிதைக்க முடியாது. எனவே சிதைத்தவை நுண்ணுயிரிகளே. சூடாக்கும்போது உணவில் உண்டாகும் மாற்றங்கள் அவற்றுக்குச் சாதகமாயின. ஆகவே டப்பாவில் உள்ள டாரினை அளந்தால் மட்டும் போதாது. பூனையின் இரத்தத்தையும் அளக்க வேண்டியதாயிற்று.

இன்றைய அமெரிக்கத் தரவரையறையின்படி, உலர் எடையில் ஒரு கிலோவுக்கு உலர் உணவில் 1 கிராமும் டப்பா உணவில் 2 கிராமும் டாரின் இருக்க வேண்டும். நிறுவனங்கள் அளவைக் கூட்டியபின் இந்த இதய நோய் அரிதாயிற்று. இப்போது ஆபத்து பெரும்பாலும் நாய்த் தீவனத்தையோ சைவ உணவையோ நெடுநாள் தின்னும் பூனைகளுக்குத்தான். குறைபாட்டின் அறிகுறிகள் வெளிப்படப் பல மாதங்கள் ஆகலாம். இதயம் மருந்தால் தேறக்கூடும், ஆனால் சிதைந்த விழித்திரை திரும்பி வருவதில்லை. டாரின் நீரில் கரைவதால், இறைச்சியை வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் அதில் ஒரு பங்கு போய்விடும். கோழியின் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் டாரின் கூடுதல், இதயத்தில் இன்னும் கூடுதல்.