கற்றளிக்குக் கல் ஈந்த பாறைகள்

திருவையாறு காவிரியின் வடகரையில் விளங்குவது. அங்கே கிணறு அகழ்வார்க்கு வண்டலும் மணலுமே எதிர்ப்படும், கருங்கற்பாறை எதிர்ப்படுவதில்லை. ஆயினும் ஐயாறப்பர் திருக்கோயிலும், அதன் வளாகத்துள் முதல் இராசராசன் தேவியார் உலோகமாதேவியார் எடுப்பித்த வடகயிலாயமும் கற்றளிகளாகவே நிற்கின்றன. ஆதலின் அங்குள்ள ஒவ்வொரு கருங்கல்லும் வேற்றிடத்துப் பிறந்து நெடுவழி கடந்து வந்ததென்பது சொல்லாமலே போதரும். தளிகளின் வரலாற்றை ஆராய்வார் பலரும் கல்வெட்டினின்று தொடங்குவர். கல் பிறந்த பாறையினின்று தொடங்குவார் சிலரே.

குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்தம் பயில்வார் நன்கறிந்த எடுத்துக்காட்டு. கற்றளிக்கும் இவை உள. இவற்றுள் எடுப்பித்தாரையும் தச்சரையும் சாசனங்கள் சுட்டும். திருநல்லத்தைக் கற்றளியாக்கிய செம்பியன்மாதேவியாரையும், அப்பணி இயற்றிய சாத்தன் குணபட்டனையும் அக்கோயிற் கல்வெட்டே கூறும். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் உளது. மலையிற் கல் பிளந்தார் பெயரோ காண்டற்கு அரிது. அவர்தம் உளி பாறையில் விட்ட வடுவே அவர் சாசனம்.

தஞ்சைக்கருகே வல்லம் முதலிய மேட்டுநிலங்களிற் செம்புறைக்கல் உண்டு. கருங்கல் வேண்டுவார் மேற்கே திருச்சிராப்பள்ளிப் பக்கமோ, தெற்கே புதுக்கோட்டைப் பக்கமோ செல்லல் வேண்டும். 1010-இல் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிற்குக் கல் தந்தது நார்த்தாமலைப் பக்கம் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அது தஞ்சையினின்று ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவினது. ஒரு கன அடிக் கருங்கல்லோ ஏறத்தாழ 75 கிலோ நிறையுடையது. தெற்கினின்று திருவையாற்றிற்கு வரும் கல், தஞ்சைக்கு அப்பால் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஆகியவற்றையும் கடத்தல் வேண்டும். பெருங்கோயிலின் சிகரம் ஒரே கல் என்று வியந்து கூறுவதுண்டு. அது பல கற்கள் இணைந்தது என்பர் ஆராய்ந்தோர். ஒரு பெருங்கல்லை ஏற்றிய வியப்பினும், எண்ணிறந்த கற்களை அளவறிந்து பிளந்து அனுப்பிய ஒழுங்கு பெரிதன்றோ?

இனி, பாறையைப் படிக்கும் முறை காண்போம். பழங்காலத்தார் பிளக்கக் கருதிய கோட்டின்மேல் உளியாற் சிறு குழிகளை வரிசையாக வெட்டி, அவற்றுள் ஆப்புகளை இறுக்கிச் சம்மட்டியால் மாறிமாறி அடிப்பர். கல் அக்கோட்டின்வழியே பிளக்கும். பிளவின் விளிம்பில் அக்குழிகளின் பாதி, பல்வரிசைபோல் எஞ்சி நிற்கும். குழி வெட்டியும் பிளவாது விடப்பட்ட பாறைகளை மாமல்லபுரத்தில் இன்றும் காணலாம். பாறையின்மேல் விறகெரித்து ஏடு கிளப்பும் முறையும் உண்டு. பெங்களூர்ப் பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை நேரிற் கண்டு எழுதியுள்ளனர். ஏறத்தாழ 7 அடி நீளமாக நெருப்பை வரிசைப்படுத்தி, சுத்தியலால் தட்டி, ஓசை வேறுபடுதலால் ஏடு விட்டதெனத் தெளிந்து, பின்னரே நெருப்பை முன்னே தள்ளுவர். கண்ணுக்குத் தெரியாப் பிளவைச் செவியால் அறிந்த நுட்பம் இது.

வெடிமருந்து வந்தபின் துளைத்த நீண்ட உருண்டைத் துளையின் வடு வேறு. பழைய ஆப்புக்குழியின் வடு வேறு. இரண்டும் ஒரே பாறையிற் காணப்படின், எது எதனை வெட்டிச் செல்கின்றதென நோக்கி முன்பின் துணியலாம். ஆப்பு முறை அண்மைக்காலம் வரை நிலவியதாதலின், குழி கண்டவுடனே சோழர்காலம் எனல் பொருந்தாது. பாரம் குறையக் கல்லை மலையடியிலேயே ஒருவாறு செதுக்குவராதலின், அங்குள்ள சில்லுக்குவியலும், பழுதுற்றுக் கைவிட்ட தூணும், உளி தீட்டிய உலைக்களத்தின் கசடும் ஆராயற்பாலன.

நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சுரம் தொல்பொருட் காவலில் உள்ளது. உடைப்பாறைகளுக்கோ அத்தகைய காவல் அரிது. கோயில் சிதையின் அறிந்தோர் வருந்துவர். உளிவடு தாங்கிய பாறை பொறிகளால் அறுபட்டுச் சாலைக்குச் சல்லியாயின் வருந்துவார் இலர். கல்வெட்டெனின் படியெடுத்து வைத்தல் கூடும். பாறையே போயின், எங்ஙனம் பிளந்தனர் என்பதற்குச் சான்று எஞ்சாது. ஆதலின் திருக்கோயில் வரலாறு எழுதுவோர் அம்மலைப்புறங்களையும் சென்று கண்டு, குழிகளின் நீளம், அகலம், இடைவெளி ஆகியவற்றை அளந்து பதிவு செய்தல் கடன். பெயரெழுதாது போன அத்தொண்டர்க்கு நாடு செய்யத்தக்க கைம்மாறு அதுவேயாம்.