பழங்கற் கருவிகளும் கல்லினம் அறிதலும்

பண்டை வரலாற்றை அறிய விழைவார் ஏட்டையும் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவர். எழுத்துத் தோன்றாத காலத்து மாந்தரோ தாம் கையாண்ட கல்லையே சான்றாக விட்டுச் சென்றனர். அக்கல் இன்ன இனத்தது, இன்ன இடத்தது என்று தெரிந்தாலன்றி அச்சான்று பயன்படாது. கற்கருவி யாவற்றையும் 'சிக்கிமுக்கிக்கல்' என்று சொல்லி அமையும் வழக்கம் நம்மிடையே உள்ளது. யானும் மாணாக்கர்க்குப் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தேன். அது பிழையென்று பின்னர் உணர்ந்தமையின், அதனைத் திருத்த வேண்டியே இக்கட்டுரை எழுதப் புகுந்தேன்.

சிக்கிமுக்கிக்கல் இங்கிலாந்து, பிரான்சு நாடுகளின் சுண்ணப்பாறைகளில் மிகுதியாகக் கிடைப்பது. அந்நாட்டார் அதனாற் கருவி செய்தனர். நம் நாட்டு மாந்தர் தத்தம் நிலத்திற் கிடைத்த கல்லையே ஆண்டனர்.

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், நிலவியல் ஆய்வாளரான இராபர்ட் புரூஸ் பூட் என்பார், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் செம்புறைச் சரளைக் குழியொன்றிற் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அது குவார்ட்சைட் என்னும் கல்லால் ஆயது. பல்லாவரத்துக் குன்றோ சார்னோக்கைட் என்னும் கல். நாம் பொதுவாகக் கருங்கல் என்பது. குன்று ஓரினம், கருவி மற்றோரினம். ஆதலின் அக்கருவிக்கல் அக்குன்றினின்று பெயர்த்ததன்று என்பது கல்லை நோக்கிய அளவிலே விளங்கும்.

இவ்வினங்களைப் பிரித்தறிவது எங்ஙனம்? மணற்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிக் குவார்ட்சைட் ஆகின்றது. மணற்கல்லை உடைத்தால் உடைவு மணிகளைச் சுற்றிச் செல்லும். முகம் சொரசொரப்பாய் மணல் உதிரும். குவார்ட்சைட்டை உடைத்தால் உடைவு மணிகளை ஊடறுத்துச் செல்லும், விளிம்பு கூராகும். வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸ் வெண்மையாய்க் கண்ணாடிபோல் மினுங்கும்; மணி தோன்றாது. செர்ட் என்பது மெழுகு போன்ற மங்கிய பளபளப்புடையது. உடைந்த முகம் சிப்பியின் உட்புறம்போல் வளையும். டோலரைட் கரியது, கனத்தது. புறத்தே நாட்பட்டுப் பழுப்பேறும்.

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தையும் பூட் 1863ஆம் ஆண்டிலேயே வில்லியம் கிங் என்பாருடன் கண்டார். அங்கே சாந்தி பப்பு முதலியோர் அகழ்ந்து, 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டன. அவை களிமண் படிவிற் கிடைத்த குவார்ட்சைட் கருவிகள். களிமண்ணைப் படிய வைக்கும் மெல்லிய நீர் கைக்கடங்காப் பெருங்கல்லை உருட்டிவர வலியற்றது. அண்மையிலுள்ள அல்லிக்குழி மலைப்பகுதியிலோ குவார்ட்சைட் உருண்டைகள் செறிந்த பாறைகள் உள. அங்கிருந்து மாந்தர் கல்லைத் தேர்ந்து கொணர்ந்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தும். கல்லினம் அறிந்தமையாலன்றோ அவர் நடந்த வழியும் நமக்குப் புலனாகின்றது!

தென்கோடியில் நிலை வேறு. பழைய திருநெல்வேலிச் சீமையின் தேரிகளிற் கிடைக்கும் சிறு கருவிகள் வெங்கச்சங்கல்லாலும் செர்ட்டாலும் ஆயவை. இவற்றை ஸாய்னர், ஆல்சின் என்பார் ஆராய்ந்து 1956ஆம் ஆண்டில் எழுதினர். பையம்பள்ளி போன்ற புதிய கற்கால ஊர்களில் தேய்த்து மெருகிட்ட கோடரிகள் கிடைத்தன. இத்தகைய கோடரிகட்குக் கரிய டோலரைட் போன்ற கற்களையே விரும்பினர். அடி பொறுத்தலும் தேய்ப்புக்கு இணங்குதலும் அதன் இயல்பு. பணிக்கேற்ற கல்லைத் தேர்ந்த அறிவு எழுத்தறியா அம்மாந்தர்க்கு இருந்தது.

நம் அன்பர்கள் வயலிலோ ஆற்றங்கரையிலோ ஐயத்திற்குரிய கல்லைக் காணின், அதனை உடைத்தோ கத்தியாற் கீறியோ சோதித்தல் ஆகாது. சோதிக்க வேண்டுமாயின் அருகிலுள்ள சாதாரணக் கல்லை உடைத்து ஒப்பு நோக்குக. கருவியைப் பெயர்த்து வீட்டுக்குக் கொணர்தலும் தீது. எந்த மண்ணடுக்கில், எவ்வகைச் சரளையிடையே கிடந்தது என்பதே அதன் வரலாற்றிற் பாதி. இடம் பெயர்ந்த கல் அப்பாதியை இழக்கும். இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறையினர்க்கு அறிவிப்பதே முறை. சரளைக்காகத் தோண்டப்படும் நிலங்களில் இச்சான்றுகள் வண்டி வண்டியாய்ச் சாலைக்கு அடியிற் போய்விடக்கூடும்.

நம் சிறார்க்கு அரசர் பெயரும் ஆண்டும் கற்பிக்கின்றோம். அவற்றோடு, தம் ஊர்க் கல்லின் பெயரையும் கற்பிப்போமாக. அப்பெயர் அறிந்த கண்ணே இச்சான்றுகளைக் காக்கவல்லது.