தாலி மட்டும் போதுமா? மணவிலக்குச் சட்டம் கடந்து வந்த பாதை

கணவனும் மனைவியும் பிரிவது என்று முடிவானதும் அடுத்து எழுவது பணப் பிரச்சினைதான். வீடு யாருக்கு? பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பது யார்? வேலைக்கே போகாத மனைவி எதை நம்பி வாழ்வது? மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கு இக்கேள்விகளுக்கான பதில் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை.

ஒரு காலத்தில் இந்துக்கள் தங்கள் சடங்குப்படியும் சீனர்கள் தங்கள் வழக்கப்படியும் மணந்துகொண்டனர். ஆண் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொள்வதை இந்த வழக்கங்கள் தடுக்கவில்லை. இந்து வழக்கத்தில் மணவிலக்கு என்பதற்கே இடமில்லை. கைவிடப்பட்ட மனைவி தனக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றம் செல்ல 1950ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. ஆனால், ஜீவனாம்சம் வேறு, சொத்தில் பங்கு வேறு.

இந்நிலையை மாற்றியது 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிறகும் 1982 மார்ச் 1ஆம் தேதிதான் அது நடப்புக்கு வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது. திருமணப் பதிவு கட்டாயமானது. மணமுறிவின்போது சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்திற்குக் கிடைத்தது.

எனினும், அந்தச் சட்டம் சொத்தை இரண்டு விதமாகப் பார்த்தது. இருவரும் சேர்ந்து உழைத்துத் தேடிய சொத்து என்றால் சமபங்கை நோக்கிச் சாய்ந்தது. ஒருவர் மட்டுமே தேடியது என்றால் தேடியவருக்கே பெரிய பங்கு. வீட்டைக் கவனித்து, பிள்ளைகளை வளர்த்த மனைவியின் உழைப்பும் கணக்கில் வந்தது உண்மைதான். ஆனால், சம்பளம் கொண்டு வந்த கையே ஓங்கி நின்றது.

பிள்ளைகளின் நிலை இன்னொரு சிக்கல். பராமரிப்புத் தொகை பொதுவாக 18 வயதோடு நின்றுவிடும். உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. உயர்கல்வி அந்த விதிவிலக்கில் அடங்காது என்று 2004இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழக வாசலில் நிற்கும் வயதில் தந்தையின் கடமை சட்டப்படி முடிந்துவிடும் என்பதே அதன் பொருள்.

இவ்விரண்டு குறைகளும் 2017இல் நிறைவேறிய திருத்தத்தால் களையப்பட்டன. 2018 டிசம்பர் 15இல் அது நடப்புக்கு வந்தது. மணவாழ்வில் சேர்ந்த சொத்து யார் தேடியதாக இருந்தாலும் நீதிமன்றம் சமபங்கை நோக்கியே சாய வேண்டும். பணமாகத் தந்த பங்கு, வீட்டைப் பராமரித்த உழைப்பு, குடும்பத்திற்காக வாங்கிய கடன், சிறுபிள்ளைகளின் தேவை, மணவாழ்வு நீடித்த காலம் ஆகியவை எடைபோடப்படும். பிள்ளைகளின் பராமரிப்பும் மேற்கல்வி அல்லது பயிற்சி முடியும்வரை நீளலாம்.

இத்தனை பாதுகாப்பும் யாருக்கு? இங்கேதான் நம் சமூகம் சற்று நின்று யோசிக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட, அல்லது பதிவானதாகச் சட்டம் கருதும் திருமணத்திற்கே இச்சட்டப்படி மணவிலக்கு உண்டு. 1982க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்கள் பதிவானவையாகவே கருதப்படும். அதன் பிறகு கோயிலில் தாலி கட்டி, ஆயிரம் பேருக்கு விருந்து வைத்து, பதிவை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டவர்களின் கதி வேறு. பிரிவு வரும் நாளில் மணவிலக்கு கேட்கவும் வழியில்லை, அதையொட்டிச் சொத்தில் பங்கு கேட்கவும் வழியில்லை. பெரும்பாலும் இதில் நட்டப்படுபவள் பெண்தான்.

இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்புண்டு என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்ல நீண்ட காலம் பிடித்தது. அந்த மதிப்பைக் கேட்டுப் பெறும் தகுதியைத் தருவது ஒரு பதிவுச் சான்றிதழ். மகளுக்கு நகை சேர்க்கும் பெற்றோர், மண்டபத்தை முன்பதிவு செய்யும்போதே திருமணப் பதிவுக்கும் ஒரு நாளைக் குறித்துவிடுவது நல்லது.