சக்கரத்துக்கும் உறைக்கும் நடுவே இரண்டு விரல் இடம்



போன மாதம் பழைய மாணவன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான. கிட் வாங்கி, நண்பர்களோடு சேர்ந்து வீட்டுக் கொட்டகையிலேயே இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்டிக்கொண்டிருக்கிறான். புது டயர் மாட்டித் தரையில் ஓட்டிப் பார்த்ததில், சக்கரத்தை மூடும் ஃபைபர் கிளாஸ் உறையின் உட்பக்கம் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கிறது. "நின்னா உரசலைங்க சார், ஓடினா உரசுது. டயரைக் கொஞ்சம் சீவி விட்டா சரியாப் போயிடுங்களா?" என்று கேட்டிருந்தான்.

"சீவாதே சாமி" என்று உடனே பதில் போட்டேன். அதற்கான காரணத்தை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தவறு. எங்கள் சித்தப்பாவின் லாரி உறவினர்களுக்கு நினைவிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரீட்ரேடிங் செய்த டயர்களைப் பின்னால் மாட்டிவிட்டு, "வாத்தியாரே, இடைவெளி போதுமா பாரு" என்றார். காலி வண்டி. டயருக்கும் பாடிக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "போதும் சித்தப்பா" என்றேன். மறுநாள் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு சேலத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போகையில், ராசிபுரம் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பின்னாலிருந்து புகை. பாரத்தில் ஸ்பிரிங் பட்டை படிந்து, டயர் பாடியின் அடிக்கட்டையில் தேய்ந்திருக்கிறது. கிளீனர் பையன் பார்த்துக் கத்தியதால் வண்டியும் ஆட்களும் தப்பினார்கள். நான் அளந்தது நிற்கிற காலி வண்டியை. ஓடியது பாரம் ஏற்றிய வண்டி.

விமானம் கட்டியவர்களும் இதே பாடத்தைப் படிப்படியாகத்தான் கற்றார்கள். 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்துக்குச் சக்கரமே இல்லை, சறுக்குக் கட்டைதான். நம் சென்னையில் 1910இல், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் சிம்ப்சன் கம்பெனியில் ஒரு விமானம் கட்டவைத்துப் பறந்து காட்டினார். சிம்ப்சன் அடிப்படையில் கோச்சு வண்டி கட்டிய கம்பெனி. நாமக்கல்லில் இன்று பாடி கட்டும் பட்டறைக்காரர்களுக்கு ஒருவகையில் மூத்த பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து விமானங்களில் சக்கரம் சைக்கிள் சக்கரம்போலத் திறந்தே நின்றது. மூடி இல்லாததால் உரசலும் இல்லை. வேகம் கூடக் கூட, வெளியே நிற்கும் சக்கரம் காற்றைத் தடுப்பது பெரிய தொல்லையானது. 1920களின் கடைசியிலும் 30களிலும் சக்கரத்துக்கு உறை போட்டார்கள். காற்றுத் தடை குறைந்தது, ஆனால் சேறு வந்து அடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களின் ஸ்டூக்கா விமானங்கள் ரஷ்யச் சேற்றில் இறங்கியபோது, உறைகளைக் கழற்றிவிட்டே பல விமானங்களை ஓட்டினார்கள்.

அடுத்து, சக்கரத்தை உள்ளே மடக்கும் முறை பரவியது. 2018இல் சேலம் கமலாபுரத்துக்கு மறுபடி விமானம் வந்தபோது பார்த்திருப்பீர்கள், அந்த ஏ.டி.ஆர். விமானத்தின் வயிற்றில் இருபுறமும் ஒரு புடைப்பு இருக்கும். சக்கரம் மடங்கி உட்காரும் இடம் அதுதான். அந்த இடத்துக்குள் டயர் சரியாக அடங்க வேண்டும். ஆனால் டயர் ஒரே அளவில் இருப்பதில்லை. புது டயரில் காற்றடைத்தால் முதல் ஒரு நாளுக்குள் அதன் நூலிழைகள் நீண்டு டயர் சற்றே பெருக்கும். வேகமாகச் சுழன்றால் இன்னும் பெருக்கும். ரீட்ரேடிங் செய்தவை ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அதனால்தான் அப்படிப்பட்ட டயர் போட்டால், விமானத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மடக்கிப் பார்த்துவிட்டே பறக்க வேண்டும் என்கிறார்கள்.

டயர் விஷயத்தில் அலட்சியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சோகச் சான்று உண்டு. 1991 ஜூலை 11 அன்று, ஹஜ் முடித்துத் திரும்பிய நைஜீரியப் பயணிகளுடன் ஜெட்டாவில் ஒரு டி.சி.-8 விமானம் கிளம்பியது. டயரில் காற்று குறைவு என்று பணியாளர்களுக்குத் தெரிந்திருந்தும், நேரமாகிவிடும் என்று அப்படியே விட்டார்கள். ஓடும்போதே டயர்கள் வெடித்தன. எரிந்துகொண்டிருந்த சக்கரம் மடங்கி உள்ளே போனது. 261 பேரும் இறந்தார்கள்.

வீட்டில் விமானம் கட்டுவது நம் நாட்டுக்கும் புதிதல்ல. பெங்களூரு தேசிய விமானவியல் ஆய்வகம், அமெரிக்காவின் பர்ட் ரூட்டான் வீட்டில் கட்டுவோருக்காக வடிவமைத்த லாங்-ஈஸியைத் தழுவி ஒரு சிறு விமானம் கட்டி 1987இல் பறக்கவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்ததுதான் 1993இல் பறந்த ஹன்சா.

இனி என் மாணவனுக்குச் சொன்னது. அவனுடைய விமானத்தில் உறை அச்சோடு சேர்ந்தே இருப்பதால், லாரிபோல ஸ்பிரிங் படிவது காரணமில்லை. டயரின் உருவம் மாறுவதுதான் காரணம். பாரம் ஏறினால் தரையை ஒட்டிய பக்கவாட்டு பிதுங்கும். காற்று குறைந்தால் இன்னும் பிதுங்கும்.

காற்றைச் சரியான அளவில் அடைத்து ஒரு நாள் விடு. பிறகு மறுபடி அளந்து நிரப்பு. உறைக்குள் நாலு இடத்தில் களிமண் உருண்டை ஒட்டி, ஆளும் பெட்ரோலும் ஏற்றி மெதுவாக ஓட்டு. எங்கே மண் நசுங்கியிருக்கிறதோ அங்கேதான் குறை. உறை கோணலாக உட்கார்ந்திருந்தால் தாங்கியின் அடியில் தகடு வைத்து நேராக்கு. அது போதாவிட்டால் உறையின் வாயை அகலமாக்கி, வெட்டிய விளிம்பில் இன்னொரு படலம் ஃபைபர் போட்டு வலுவாக்கு. எவ்வளவு இடைவெளி என்பதைக் கிட் கொடுத்தவர்களின் கையேட்டில் பார். என் விரலை நம்பாதே. டயரைச் சீவினால் பாரம் தாங்குகிற பொருளையே குறைக்கிறாய். உறை போனால் வேறு செய்துகொள்ளலாம்.

நேற்றுப் பதில் வந்தது. உறை இரண்டு பாகை திரும்பியிருந்ததாம். "இப்ப மண்ணு அப்படியே இருக்குங்க சார். ஆனா ஆள் ஏத்தி இன்னொரு தரம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் பறப்பேன்" என்று எழுதியிருந்தான். சித்தப்பா இருந்திருந்தால் இதைப் படித்துக் காட்டியிருப்பேன்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டில் பட்டறை வைத்திருக்கும் மாணவர்கள், லோடு ஏற்றிய வண்டியில் இடைவெளியை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். நானும் இன்னும் கற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்