பூஜாங் பள்ளத்தாக்கு: வேலிக்கு அப்பாலும் உள்ள வரலாறு

கடாரம் என்னும் பெயரை நம் மாணவர் முதலாம் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்போடு சேர்த்தே அறிவர். அப்பெயர் சுட்டும் நிலம் இன்றைய கெடா மாநிலமே என ஆய்வாளர் பலர் கொள்வர். அங்கே ஜெராய் மலையின் தெற்கே பரந்து கிடக்கிறது பூஜாங் பள்ளத்தாக்கு. சோழர் வருகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல்வணிகம் செழித்த அந்நிலத்தை நாம் எவ்வாறு பேணுகிறோம் என்பதே இவ்வுரையின் பொருள்.

வரலாற்றுப் பூங்காவொன்றின் வளங்கள் எவை? பணம், பணியாளர், பாதை, நிழல்மரம் ஆகியவை குறைந்தால் நிரப்பிக்கொள்ளலாம். நிரப்ப இயலாத வளம் ஒன்றுண்டு. அது கல்லும் செங்கல்லும் மணியும் தாம் கிடந்த மண்ணோடு கொண்டுள்ள தொடர்பாகும். எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டின் அருகே கிடந்தது என்பதை அறிந்தால்தான் ஒரு மணி தன் காலத்தைச் சொல்லும். பிடுங்கி எடுத்தபின் அது வெறும் அணிகலனே.

1936–37இல் குவாரிச் வேல்ஸ் இணையர் இங்கு அகழாய்வு நடத்தினர். 1959–60இல் புக்கிட் பத்து பாஹாட் சண்டி, அதாவது பழங்கோயில், தான் இருந்த இடத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. பின்னர் வேறு சில சண்டிகள் பெயர்த்தெடுக்கப்பட்டு, மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் அமைக்கப்பட்டன. இதனால் அவை அழிவினின்று தப்பின. ஆயினும் இழப்பும் நேர்ந்தது. 'பெங்காலான்' என்னும் மலாய்ச்சொல் படகுத்துறையைக் குறிக்கும். பெங்காலான் பூஜாங் சண்டியோ இன்று துறையை விட்டு மலைச்சரிவில் நிற்கிறது.

இடம்பெயர்க்கப்படாதவற்றின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2013இல், சுங்கை பத்துப் பகுதியில் 11ஆம் எண்ணால் அறியப்பட்ட சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இலேயே இயற்றப்பட்டிருந்தது. எனினும் அச்சண்டி தனியார் நிலத்தில் இருந்தது, மரபுடைமையாக அறிவிக்கப்படவுமில்லை. ஆய்வேட்டில் அதற்கு எண் இருந்தது, அரசிதழில் இடமில்லை.

எனவே திட்டமிடலின் முதற்பணி அகழ்வதன்று, பதிவதே. சிதறிய மேடுகள் அனைத்தையும் வரைபடத்தில் குறித்தல், எல்லை வகுத்தல், நில உரிமையாளருக்கு முன்னரே அறிவித்து உடன்பாடு காணல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ வேண்டும். அகழும்போதும் ஒரு பகுதியைத் தொடாது விடுதல் வேண்டும். நம்மினும் நுண்ணிய கருவிகளோடு நாளைய ஆய்வாளர் வருவர். சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வு, இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களை வெளிக்கொணர்ந்தது. அறிந்துவிட்டோம் எனக் கருதிய நிலமும் புதிய செய்தி தரும் என்பதற்கு அதுவே சான்று.

ஆசிரியப் பெருமக்கள் மாணவரை மெர்போக்கிற்கு அழைத்துச் செல்லுங்கால், சண்டிகளைக் காட்டியதோடு நின்றுவிடலாகாது. "இக்கோயில் முன்பு எங்கே நின்றது?" என்று ஒரு வினா எழுப்புங்கள். அவ்விடத்தைத் தேடத் தொடங்கும் மாணவனே நாளை அதனைக் காப்பவன்.