பாலும் பால்மமும்: மலாக்காத் தோட்டத்திலிருந்து நுண்கால்வாய் வரை

1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கர் நிலத்தில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கிலான இரப்பர்த் தோட்டத்தின் தொடக்கமாக அது கருதப்படுகிறது. பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். மரத்திலிருந்து வடிந்த வெண்ணிற நீர்மத்தை அவர்கள் ‘பால்’ என்றே அழைத்தனர். தொழிலும் ‘பால் வெட்டு’ ஆயிற்று. பிற்காலத்தில் எமல்ஷன் என்பதற்கு அறிவியல் தமிழ் ‘பால்மம்’ என்று பெயரிட்டபோது, அதே வேரையே நாடியது. இவ்விரு சொற்களுக்கும் இடையிலான தொலைவை அளந்து பார்ப்பதே நம் நோக்கம்.

மரப்பாலில் இரப்பர்த் துகள்கள் நீரில் மிதக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியவையும் சில மைக்ரோமீட்டர் அளவினவே. துகளைச் சூழ்ந்த புரதமும் கொழுப்பும் எதிர்மின்னூட்டம் தாங்கி, ஒன்றையொன்று விலக்குவதால் பால் பாலாகவே நிற்கிறது. அமிலம் சேர்ந்தால் அவ்விலக்கம் குன்றித் துகள்கள் திரளும். கோப்பையில் தானே உறைந்ததைக் ‘கட்டிப்பால்’ என்றும், வெட்டுவாயில் படிந்து காய்ந்ததை ‘ஒட்டுப்பால்’ என்றும் தோட்டத் தமிழ் பிரித்தறிந்தது. உறையாதிருக்க அம்மோனியா, உறைய வைக்கப் பார்மிக் அமிலம் என்பது ஆலையில் அன்றாட நடைமுறை. பால்மம் நிலைப்பதும் குலைவதும் ஏடறியாதவர்க்கும் கையறிவாக இருந்தன.

மரம் ஆக்கித் தருவதை மனிதன் ஆக்குவது எங்ஙனம்? எண்ணெயையும் நீரையும் விரைந்து கலக்கினால் துளிகள் தோன்றும். ஆனால் சிறியதும் பெரியதுமாக இருக்கும். 1997இல் ஜப்பானில் கவகட்சு, நகஜிமா முதலியோர் சிலிக்கான் தகட்டில் செதுக்கிய நுண்கால்வாய்களின் வழியே ஒரே அளவுத் துளிகளை உருவாக்கிக் காட்டினர். 2001இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஆங்கில ‘T’ எழுத்தைப் போன்று இரு கால்வாய்கள் கூடும் சந்தியைப் பயன்படுத்தினர். முதன்மைக் கால்வாயில் எண்ணெய் ஓடும். பக்கத்திலிருந்து நுழையும் நீரின் முனையை அவ்வோட்டம் இழுத்து, நெரித்து, அறுக்கும். ஒவ்வோர் அறுப்புக்கும் ஒரு துளி. கால்வாயின் அகலமும் இரு நீர்மங்களின் ஓட்ட வேகமும் துளியின் அளவை முடிவு செய்யும். சுவர் எண்ணெயை விரும்புவதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் நீர் சுவரைப் பற்றிக்கொள்ளும். பிறந்த துளிகள் மீண்டும் கூடாமல் பால்மமாக்கி காக்கும். மரப்பாலில் புரதம் செய்யும் பணியும் அதுவே. ஒரு கால்வாய் தருவது மிகச் சிறிதளவே. ஆதலின் பல கால்வாய்களை இணையாக அமைப்பர்.

இத்தகைய நுண்ணிய கால்வாயில் நீர்மம் சுழலாது, அடுக்கடுக்காகவே ஒழுகும். ஆதலால் கலப்பது அரிது. 2002இல் ஸ்ட்ரூக் குழுவினர் கால்வாயின் அடியில் மீன்முள் வடிவ வரிப்பள்ளங்களைச் செதுக்கி, ஓட்டத்தை மடித்து மடித்துக் கலந்தனர். நுண்ணிய கொழுப்புத் துகள்களை உருவாக்கவும் இவ்வமைப்பு பயன்படுகிறது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி தொடக்கக் காலத்தில் பரப்பிய மர வெட்டும் மீன்முள் வடிவமே! இரண்டின் பணியும் வேறு: ஒன்று பாலை ஒன்றுசேர்த்து வடிப்பது, மற்றொன்று நீர்மங்களைக் கலப்பது. ஆயினும் நீர்மத்தின் போக்கைச் சாய்ந்த பள்ளத்தால் ஆளலாம் என்னும் உண்மை இரண்டிலும் ஒன்றே.

2003 முதல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. 2009இல் அரசு அக்கொள்கையைக் கைவிட முடிவு செய்தது. மொழி மீண்டது; சொல்லின் பின்னணி மீண்டதா? ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் செம்பனையும் குடியிருப்பும் இரப்பரின் இடத்தைப் பிடித்த பின்னர், கட்டிப்பாலைக் கண்ணால் கண்ட மாணவர் அரியர். மனப்பாடம் செய்யும் கலைச்சொல் தேர்வோடு மறையும்; பாட்டியின் வாயிலிருந்து வந்த சொல்லோடு இணையும் கலைச்சொல் வேரூன்றும். ஆதலின் ஆசிரியர்கள் பால்மப் பாடத்தைப் பாலிலிருந்து தொடங்குக. மாணவர்கள் தத்தம் இல்லத்து முதியோரிடம் அச்சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்க. அவற்றை அறிந்தோர் இன்று நம்மிடையே உள்ளனர். என்றும் இருப்பர் என்று நாம் எண்ணியிருத்தல் கூடாது.