பாதி ஆப்பிள்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் மனைவியை அழைத்துக்கொண்டு காசி, ராமேசுவரம் போய் வருவது நம்மவர் வழக்கம். மேல்நாட்டில் வசதியுள்ள தம்பதிகள் கப்பல் ஏறுகிறார்கள். மூன்று மாதம், நான்கு மாதம் கடலிலேயே குடித்தனம். "எந்த ஊருக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டால் அவர்கள் பதில் சொல்வது கஷ்டம். புறப்பட்ட ஊருக்கேதான் போகிறார்கள். கொஞ்சம் சுற்று வழியாக.

இப்படிப் போவதற்கென்றே கப்பல் விடும் யோசனை யாருக்கு, எப்போது தோன்றியது என்று தேடிக்கொண்டு போனேன். தேடிய இடத்தில் வேறொரு கதை அகப்பட்டது. கப்பலில் கூட வந்த கிழவர்களைப் பார்த்துச் சிரித்த ஓர் இளைஞர், இருபத்தெட்டு வருஷம் கழித்து, தாமும் நரைத்த தலையோடு, மனைவியின் துணையோடு, கப்பல் ஏறிய கதை அது. முதலில் சிரிப்பைச் சொல்லிவிடுகிறேன்.

1867-ஆம் வருஷம் ஜூன் 8-ந் தேதி நியூயார்க்கிலிருந்து 'குவேக்கர் சிட்டி' என்ற நீராவிக் கப்பல் புறப்பட்டது. விலாப்புறத்தில் பெரிய சக்கரங்கள் சுழல ஓடுகிற பழைய மாதிரிக் கப்பல். சரக்கு ஏற்றவோ, குடியேறுகிறவர்களைக் கொண்டுபோய் இறக்கவோ அல்ல. ஐரோப்பாவையும் ஏசு பிறந்த புண்ணிய பூமியையும் பார்த்துவிட்டுத் திரும்புவதற்காக மட்டும். கட்டணம் 1,250 டாலர். புகழ் பெற்ற பிரசங்கி ஹென்றி வார்டு பீச்சர் வருகிறார், ஜெனரல் ஷெர்மன் வருகிறார் என்றெல்லாம் ஆசை காட்டினார்கள். கடைசியில் இரண்டு பேரும் வரவில்லை. கல்யாணத்துக்கு மந்திரி வருகிறார் என்று அழைப்பிதழில் அச்சிடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

வந்தவர்களில் ஒருவர் மார்க் ட்வெயின். அப்போது வயது முப்பத்தொன்று. பெரிய பெயர் இல்லை. ஸான்பிரான்ஸிஸ்கோப் பத்திரிகை ஒன்று பணம் கட்டி, கடிதம் எழுதச் சொல்லி அனுப்பியிருந்தது. உல்லாசப் பிரயாணம், இளம் பெண்கள் இருப்பார்கள், பாட்டும் கூத்துமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஏறினார். ஏறிப் பார்த்தால், அவர் கணக்குப்படி முக்கால்வாசிப் பேர் நாற்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டவர்கள். பாதிரிகள், டாக்டர்கள், பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள், கணவனும் மனைவியுமாக வந்தவர்கள். கப்பலும் இவர்களுக்கு ஏற்றாற்போலவே நடந்துகொண்டது. துறைமுகத்தை விட்டு வெளியே வருவதற்குள் புயல் என்று நங்கூரம் பாய்ச்சி இரண்டு நாள் நின்றுவிட்டது.

கடலில் இவர்கள் பொழுது எப்படிப் போயிற்று என்பதை ட்வெயின் எழுதி வைத்திருக்கிறார். காலையில் மணி அடிக்கும். எட்டு மணிக்குச் சாப்பாடு. குமட்டல் இல்லாதவர்களுக்கு மட்டும். பிறகு கைகோத்துக்கொண்டு மேல்தளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. நடை முடிந்தால் படிப்பு, தையல், புகை. தொலைவில் ஒரு கப்பல் தெரிந்துவிட்டால் எல்லோரும் தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதற்குக் கொடி காட்டி மரியாதை செய்வார்கள். புகைபிடிக்கும் அறையில் டாமினோ ஆட்டம் ஓயாமல் நடந்தது. சாயங்காலம் விருந்து, மறுபடி நடை, பிறகு பிரார்த்தனை. பிரார்த்தனைக்கு ஒரு பெட்டி வாத்தியம் உண்டு. கடல் சற்றுப் புரண்டால், வாசிப்பவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினால் ஒழிய வாசிக்க முடியாதாம்!

பிரார்த்தனை ஆனதும் நீண்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் நாட்குறிப்பு எழுதுவார்கள். முதல் வாரத்தில் பக்கம் பக்கமாக ஓடிய பேனாக்கள் போகப் போக நின்றுபோயின. (புது வருஷ டயரி வாங்கும் வாசகர்கள் இதைப் படித்து வருந்த வேண்டாம்.) நடனமும் ஆடிப் பார்த்தார்கள். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. ஆடியவர்கள் அத்தனை பேரும் கும்பலாக அந்தப் பக்கம் ஓடினார்கள்; மறுபக்கம் சாய்ந்ததும் அப்படியே திரும்பி ஓடினார்கள். அதோடு நடனத்துக்கு முழுக்கு.

இன்னொரு வேடிக்கை. ஓர் இளைஞர் 150 டாலர் கொடுத்து வாங்கிய நல்ல கடிகாரத்தைக் கொண்டுவந்திருந்தார். கரையில் ஒழுங்காக ஓடியது. கப்பலில் தினமும் பின்தங்கியது. முள்ளை எவ்வளவு முடுக்கியும் கப்பல் மணியை எட்டவில்லை. கடிகாரக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கொதித்துப்போனார். கிழக்கு நோக்கிப் போகிறோம், சூரியன் நாளுக்கு இருபது நிமிஷம் போல முந்துகிறான் என்று காப்டன் விளக்கிச் சொன்ன பிறகுதான் கடிகாரம் பிழைத்தது.

ஐந்து மாதம் கழித்து நவம்பர் 19-ந் தேதி கப்பல் நியூயார்க் திரும்பியது. மறுநாளே ட்வெயின் ஒரு பத்திரிகையில் எழுதிய கடிதம் வெளிவந்தது. உல்லாசப் பிரயாணமா இது, பிணம் ஒன்றுதான் குறை, மற்றபடி சாவு ஊர்வலம்தான் என்ற அர்த்தத்தில் வெளுத்து வாங்கியிருந்தார். கூட வந்த பெரியவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கும் இந்த இடத்தில் அவர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆயுள் பூராவும் கடையும் கணக்கும் பார்த்து ஓய்ந்த மனிதர் ஒருவர், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் நடந்துவிட்டு, டாமினோ ஆடினால் என்ன குற்றம்? முப்பத்தொரு வயதில் இது புரியாது.

அந்தக் கப்பலில் அவருக்கு வேறொரு லாபமும் கிடைத்தது. கூட வந்த பையன் ஒருவன் தன் தமக்கையின் சிறு ஓவியத்தைக் காட்டினான். அந்த ஒலிவியாவைத்தான் 1870-இல் மணந்துகொண்டார்.

நடுவே கப்பல் கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைத் தாண்ட ஆள் வராது. பெரிய கப்பல்கள் சும்மா நிற்கும். சும்மா நிற்கிற கப்பலை வெயில் காய்கிற மத்தியதரைக் கடல் பக்கம் ஓட்டினால் என்ன என்று ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் பாலின் கணக்குப் போட்டார். 1891 ஜனவரி 22-ந் தேதி 'அகஸ்டா விக்டோரியா' கப்பல் கக்ஸ்ஹாவனிலிருந்து கிளம்பியது. பாலினும் தம் மனைவியோடு அதில் போனார். 1922-இல் 'லக்கோனியா' உலகத்தையே ஒரு சுற்று சுற்றக் கிளம்பியது. இன்றைய கப்பல் குடித்தனம் எல்லாம் இவற்றின் வாரிசுதான். இந்த வரலாறு இவ்வளவு போதும். நம்முடைய தம்பதிகளிடம் திரும்புவோம்.

மார்க் ட்வெயின் பெரும் பணம் சம்பாதித்தார். அதைவிடப் பெரிய தொகையை அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்றில் கொட்டினார். அவருடைய புத்தகக் கம்பெனியும் 1894 ஏப்ரலில் முறிந்தது. கடன் ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர். சட்டப்படி கொஞ்சம் கொடுத்துவிட்டுக் கைகழுவ வழி இருந்தது. ஒலிவியா அம்மையார் சம்மதிக்கவில்லை. டாலருக்கு டாலர் கொடுத்தே தீர வேண்டும் என்றார். ஐம்பத்தொன்பது வயதில், ஓய்வு எடுக்க வேண்டிய மனிதர், ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து பணம் சேர்க்க உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார். மனைவியும் நடு மகள் கிளாராவும் கூட வந்தார்கள். மூத்தவள் சூஸியும் கடைக்குட்டி ஜீனும் எல்மைரா ஊரில் பெரியம்மாள் வீட்டில் தங்கினார்கள். 1895 ஜூலை 14-ந் தேதி இரவு ரயில் நகர்ந்தபோது, பிளாட்பாரத்து மின்விளக்கின் அடியில் நின்று சூஸி கையை ஆட்டினாள்.

ஆகஸ்டில் பஸிபிக் கரையில் 'வாரிமூ' கப்பல் ஏறினார்கள். இப்போது பாருங்கள் வேடிக்கையை. 1867-இல் கிழவர்களின் பொழுதுபோக்கு என்று அவர் வர்ணித்த ஆட்டங்களில் ஒன்று, தளத்தில் சாக்குக்கட்டியால் எண் போட்ட கட்டங்கள் வரைந்து, மரவட்டுக்களை நீண்ட கழியால் தள்ளுவது. அதே ஆட்டத்தை இந்தக் கப்பலில் மிகச் சிரத்தையாக ஆடினார். பந்தயத்தில் ஜெயித்து ஒரு கடிகாரமும் பரிசு வாங்கினார்! தேதி மாறும் கோட்டை மேற்கு நோக்கிக் கடந்ததில் ஒரு நாள் முழுவதும் காணாமல் போயிற்று. குடும்பத்தார் கப்பலின் பின்பக்கம் உட்கார்ந்து 8-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளில் ஒரு பாதியைத் தின்றார்களாம். மற்றப் பாதியை அதே சமயம் முன்பக்கத்தில் இவர் 10-ந் தேதி செவ்வாய்க்கிழமை தின்றாராம். அன்று கடிகாரக்காரனைத் திட்டிய இளைஞரைப் பார்த்துச் சிரித்தவருக்கு, இப்போது ஒரு நாளே பறிபோனதும் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் கரையில் இறங்கினால் சிரிப்பு இல்லை, வேலை. காலில் ராஜபிளவை வந்து படுத்தியது. எழுந்து நின்று ஜனங்களைச் சிரிக்க வைக்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, இலங்கை, பம்பாய், கல்கத்தா என்று பட்டியல் நீண்டது. ஆகவே கடல்தான் அந்தத் தம்பதிகளுக்கு வீடு. 1896 மார்ச் கடைசியில் கல்கத்தாவில் 'வார்தா' என்ற கப்பலில் ஏறினார்கள். அது நம் சென்னைத் துறைமுகத்தில் ஒரு நாள் நின்றது. இலங்கையில் இரண்டு மூன்று நாள். பிறகு மொரீஷஸ் தீவு வரை நிலமே இல்லை.

அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதுபோல வேறெந்த நாட்களைப் பற்றியும் எழுதவில்லை என்பது என் அபிப்பிராயம். கித்தான் பந்தலின் நிழல். அசையாத நீலக் கடல். தொடுவானம் வரை ஒன்றும் இல்லை. தபால் கிடையாது, பதில் எழுத வேண்டாம். பத்திரிகை கிடையாது, யாரோ எங்கோ அடித்துக்கொள்வதைப் படிக்க வேண்டாம். தந்தி வந்து தூக்கிவாரிப் போடாது. தம் இஷ்டம் நடப்பதானால் கரையில் இறங்கவே மாட்டேன் என்கிறார்.

ஜூலை 31-ந் தேதி இங்கிலாந்தில் ஸௌதாம்டன் வந்து சேர்ந்தார்கள். சூஸியும் ஜீனும் அங்கே வந்து சேருவதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பதில், சூஸிக்கு லேசாக உடம்பு சரியில்லை என்று கடிதம் வந்தது. தாய் மனம் கேட்கவில்லை. ஆகஸ்டு 15-ந் தேதி ஒலிவியா அம்மையாரும் கிளாராவும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். 18-ந் தேதி ட்வெயின் கில்போர்டு ஊரில் சாப்பாட்டு அறையில் எதையும் நினைக்காமல் நின்றுகொண்டிருந்தபோது தந்தி வந்தது. இருபத்துநாலு வயதுச் சூஸி மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள்.

அப்போது அந்த அம்மாள் அட்லாண்டிக் நடுவில் இருந்தார். கடலில் தபால் இல்லை, தந்தி இல்லை. கம்பியில்லாத் தந்தி கப்பல்களுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. அமெரிக்கப் பத்திரிகைகளுக்குத் தெரியும், இங்கிலாந்தில் தனியே உட்கார்ந்திருந்த கணவருக்குத் தெரியும். தாய் மட்டும் மேல்தளத்தில் உட்கார்ந்து, மகளுக்கு எப்படியெல்லாம் பணிவிடை செய்யலாம் என்று எண்ணியபடி போய்க்கொண்டிருந்தார். நியூயார்க் துறைமுகத்தை அடைந்த பிறகே அவருக்குத் தெரிந்தது.

1898 ஆரம்பத்தில் கடன் முழுவதும் தீர்ந்தது. அதற்கு முந்தின வருஷம் அவருடைய பிரயாணப் புத்தகம் வெளிவந்தது. லண்டனில் ஒரு வீட்டில், யாரையும் பார்க்காமல், அந்தத் துக்கத்தோடு துக்கமாக எழுதியது. வாரிமூவின் ஆட்டமும், ஆப்பிளும், வார்தாவின் நிழலும் அதில்தான் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் ஸௌதாம்டன் வந்து இறங்குகிறார். உலகத்தைச் சுற்றிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் பெருமைப்பட்டுக்கொள்கிறார். அதே தூரத்தை ஒன்றரை நிமிஷத்தில் கடக்கிற ஏதோ ஓர் ஒளி வானத்தில் தென்பட்டதாகச் சொல்லி ஒரு சிரிப்போடு முடிக்கிறார். சூஸியைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை இல்லை. அச்சுக்குப் போகுமுன் அந்தக் கையெழுத்துப் பிரதியைப் படித்து, வேண்டாத சொற்களை அடித்துக் கொடுத்தவர் ஒலிவியா அம்மையார்தான்.